பட்டியலில் மூன்றாவது இலக்கம்

அறுபத்து மூன்று வரிகள்.
முதல் வரியிலேயே ஒரு ஹேஷும் ஓர் ஆச்சரியக்குறியும்,
திடுக்கிட்டபடி தொடங்கும் கடிதம் போல.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி
வட்டு எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும்.
தொண்ணூறைத் தாண்டினால்
பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் எழுப்பும்.
தாண்டாவிட்டால்
ஒன்றும் சொல்லாமல் படுத்துவிடும்.

'இஃப்' என்று திறந்ததை
'ஃபி' என்று திருப்பிப் போட்டுத்தான் மூட வேண்டும்
ஷெல்லின் மொழியில்.
வந்த கால்தடத்திலேயே பின்னால் நடந்துபோய்க்
கதவைச் சாத்துகிற மாதிரி.
எனக்கு அது பிடிக்கும்.
வங்கியில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி மழை. வெள்ளவத்தை.
கடைசி ரயிலும் போய்க் கடல் மட்டும் மிச்சம்.
இரண்டு பத்துக்குத் தலையணைக்குக் கீழே அதிர்ந்தது:
கிரிட்டிக்கல். ப்ரொட்டிபி. தொண்ணூற்றாறு வீதம்.
பதில் இல்லையேல் தர்மினி, அதன்பின் என் இலக்கம்.
நானே எழுதிய வாக்கியம்.
நூற்றறுபது எழுத்துக்குள்
மரியாதைக்கு இடம் இருக்கவில்லை.

பழைய ஆர்க்கைவ் கோப்புகளை
வேறு வட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கையில்
கோல் வந்தது. திரையில்: நிரோஜன்.

நிரோஜன் மெல்பேர்ன் போய்ப் பதினாலு மாதம்.

"தங்கச்சி, நான் ரஸீன். பேலியகொடையில மீன் லொறி.
இந்த நம்பர் எடுத்து மூணு மாசம்.
ராவெல்லாம் இங்கிலீசில மெசேஜ் வருது.
மகள் வாசிச்சா, கிரிட்டிக்கல் என்டு ஈக்கி என்டா.
ஆரோ ஆஸ்பத்திரியில மோசமா ஈக்கிறாங்க போல.
தொண்ணூத்தாறென்டா, காய்ச்சலா?
துவா கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறேன்.
ஆள் இப்ப எப்பிடி?"

ஆளைப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று. எண்பத்து நான்கு.
"எழுபத்தொன்று," என்றேன்.
பிறகு, "சுகம். இப்ப சுகம்."

"அப்ப அதையும் ஒரு மெசேஜ் போட்டா என்ன தங்கச்சி?
வருத்தம் என்டு மட்டும் சொல்றீங்க.
சுகமாகினதச் சொல்றதே இல்ல.
எத்தின ரா முழிச்சிருந்தேன்."

மூன்று வருடமாய் ஓடுகிற ஸ்கிரிப்ட்.
இரண்டு கணக்காய்வு, ஓர் ஆலோசகர்,
ஏழு கையொப்பம்.
ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

வட்டு என்றோ, வங்கி என்றோ
சொல்ல வாய் வரவில்லை எனக்கு.
நோயாளியின் பெயரை அவரும் கேட்கவில்லை.

விடியுமுன் பதினொரு வரி சேர்த்தேன்.
வருத்தம் வந்ததற்கு அடையாளமாய் ஒரு வெறும் கோப்பு.
உள்ளே எதுவுமில்லை, இருக்கிறது என்பதுதான் செய்தி.
சுகமானதும் அது அழியும்,
அழியும்போது எல்லோருக்கும் சொல்லும்.
பிறகு, செய்யவேண்டிய முறைப்படி,
பட்டியலின் மூன்றாவது இலக்கத்தை நீக்கினேன்.

அடுத்த கிழமை,
மூன்று மணிக்குத் தொண்ணூற்றிரண்டு,
மூன்று இருபத்தைந்துக்குச் 'சரியாகிவிட்டது'.
"நல்ல செய்திக்கும் ஏன் எழுப்புகிறாய்?"
காலையில் சிங்களத்தில் வைதான் புத்திக.
சிரித்தேன். விளக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து,
பம்பலப்பிட்டியில் பஸ் நெரிசலுக்குள் நிற்கையில்
மறுபடி நிரோஜன் என்று ஒளிர்ந்தது திரை.

"தங்கச்சி, மெசேஜ் ஒன்டும் வரல்லயே."
கொஞ்சம் நிறுத்தினார்.
"ஆள்..."

மிச்சத்தைக் கேட்க அவருக்கு மனமில்லை.

ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
மறுகையால் சேவகனுக்குள் நுழைந்து பார்த்தேன்,
முன்னால் நின்ற பெண்ணின் குடையிலிருந்து
என் காலில் நீர் சொட்டச் சொட்ட.

"நாற்பத்து மூன்று," என்றேன் சத்தமாக.

பஸ்ஸில் நாலு பேர் திரும்பினார்கள்.
அங்கே அவர் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்வதும்
பின்னால் ஐஸ் உடைபடுவதும்
கேட்டுக்கொண்டிருந்தது.